கொழுப்பை எடுக்கும் முன் மயக்க மருந்தைப் பற்றிக் கேளுங்கள்

கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக, அதாவது லைபோசக்‌ஷனுக்காக மருத்துவரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு போகிறார்கள்: எவ்வளவு ஆகும், வலிக்குமா? விளம்பரங்களும் இந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்கின்றன. மாதத் தவணை உண்டு, வலியே தெரியாது, காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். வலிக்குமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதற்குக் கிடைக்கும் ‘வலிக்காது’ என்ற பதில் எதையும் சொல்லாத பதில். வலியை எந்த மருந்தால், எந்த அளவில், யார் பொறுப்பில் அடக்கப்போகிறார்கள் என்பதில்தான் இந்தச் சிகிச்சையின் ஆபத்தில் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. உடலின் எத்தனை பகுதிகளில், எத்தனை லிட்டர் கொழுப்பை ஒரே நாளில் எடுப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. விழித்திருக்கும் ஒருவருக்கு மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்திச் செய்து முடிக்கக்கூடிய அளவுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். அதைத் தாண்ட வேண்டியிருந்தால் மயக்கவியல் நிபுணரும் முழு வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே, சிறிய கிளினிக்கில் ‘லேசாகத் தூங்க வைத்து’ செய்கிற முறைக்கு இடமே இருக்கக் கூடாது.

இந்தச் சிகிச்சை 1970-களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தை மகன் இருவராலும், பிறகு பாரிஸில் இல்லூஸ் என்ற மருத்துவராலும் உருப்பெற்றது. அந்த ஆரம்ப ஆண்டுகளில் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள். உறிஞ்சி எடுத்ததில் கொழுப்போடு ரத்தமும் ஏராளமாக வந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையும் வந்தது. 1987-இல் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் வெளியிட்ட முறை இதை மாற்றியது. பல் பிடுங்கும்போது போடுகிற அதே லிக்னோகைன் மருந்தை உப்புநீரில் மிகவும் நீர்க்கச் செய்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைக் கொஞ்சம் கலந்து, கொழுப்புப் பகுதி விம்மிப் புடைக்கும் வரை லிட்டர் கணக்கில் செலுத்துவதுதான் அந்த முறை. டியூமசென்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அந்த இடம் பல மணி நேரம் மரத்துப்போகிறது, ரத்த இழப்பு மிகச் சொற்பமாகிறது, ஊசி எரிச்சல் குறைய சோடியம் பைகார்பனேட்டும் சேர்க்கிறார்கள். முழு மயக்கம் இல்லாமலேயே இதைச் செய்யலாம் என்ற வாசல் அப்போதுதான் திறந்தது.

லிக்னோகைனையும் சாதாரண மருந்தாக நினைத்துவிடக் கூடாது. அட்ரினலின் சேர்த்த லிக்னோகைனுக்கு மருந்தோடு வரும் குறிப்பில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். நீர்க்கச் செய்து கொழுப்புக்குள் செலுத்தும்போது அது ரத்தத்தில் மெல்லத்தான் கலக்கிறது என்பதால், 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று க்ளைன் 1990-இல் காட்டினார். பிறகு அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் 55 வரை அனுமதித்தன. க்ளைனே பங்கேற்ற 2016-ஆம் ஆண்டு ஆய்வு, கொழுப்பை உறிஞ்சும்போது 45 என்ற எச்சரிக்கையான எல்லையைப் பரிந்துரைத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 45 என்றால் 2,700 மில்லிகிராம். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் கலந்த திரவத்தில் மூன்று லிட்டர் செலுத்தினாலே அந்த எல்லை கடந்துவிடும். வயிறு, இடுப்பு, தொடை, கை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று ஒரு கிளினிக் சொன்னால் இந்தக் கணக்கு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். இந்த மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது அறுவை மேசையில் அல்ல. பெரும்பாலும் 12 மணி நேரம் கழித்து, நோயாளி வீட்டில் படுத்திருக்கும்போது. அதைச் சிதைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், தொண்டைப் புண்ணுக்கு எழுதித்தரும் எரித்ரோமைசின் போன்ற மாத்திரைகள் அந்த வேலையைத் தாமதப்படுத்துகின்றன. சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்காத மருத்துவரிடம் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

அப்படியானால் விழித்திருப்பதால் என்ன நன்மை? முதலில் வலியின் உண்மை நிலையைச் சொல்லிவிடுகிறேன். திரவத்தைச் செலுத்தும் அந்த முதல் கட்டம் எரியும், இழுக்கும். தொப்புளைச் சுற்றியும் விலா எலும்பின் ஓரத்திலும் முழங்காலின் உள்பக்கத்திலும் கூடுதலாக உறுத்தும். மரத்த பிறகு குழாய் உள்ளே போய்வருவது அழுத்தமாகத் தெரியும், பெரும்பாலும் வலியாகத் தெரியாது. அடுத்த சில நாட்களுக்கு அடிபட்ட இடம்போல உடல் நோகும். இறுக்கமான உடையை அணிந்துகொண்டிருக்க வேண்டியிருக்கும். இது தாங்கக்கூடிய வலி. பொய்யான வாக்குறுதி இல்லாமல் சொன்னால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். ஆனால் குழாயின் முனை கொழுப்பைவிட்டு விலகித் தசையையோ வயிற்றுச் சுவரையோ தொட்டால், விழித்திருப்பவர் துள்ளுவார், சத்தம் போடுவார், மருத்துவரின் கை நிற்கும். முழு மயக்கத்தில் இருப்பவருக்கு அந்தக் குரல் இல்லை. இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்க அழகியல் அறுவை நிபுணர்களிடம் நடத்திய விசாரணையின் முடிவு 2000-இல் வெளியானது. ஏறத்தாழ 4.96 லட்சம் சிகிச்சைகளில் 95 மரணங்கள், அதாவது சுமார் 5,000 பேரில் ஒருவர். காரணங்களில் முதலிடம் நுரையீரலுக்குப் போய் அடைத்த ரத்தக் கட்டிகளுக்கு. அதற்கு அடுத்த இடத்தில் இருந்தது வயிற்றுச் சுவர் துளைபட்டது. அழகுக்காகப் படுத்துக்கொண்ட, நோய் எதுவும் இல்லாத மனிதர்கள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு எதிர்நிலையில் தோல் மருத்துவர்களின் புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. டியூமசென்ட் முறையில் செய்யப்பட்ட 15,336 பேரின் விவரங்களைத் தொகுத்த 1995-ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு மரணமும் இல்லை. 2002-இல் வெளியான மற்றொன்றில் 66,570 சிகிச்சைகள்; அதிலும் மரணம் இல்லை. இதைக் கொண்டு ‘மரத்துப்போகும் ஊசியே போதும், வாதம் முடிந்தது’ என்று சொல்லிவிட முடியாது என்று அறுவை நிபுணர்கள் ஆட்சேபிக்கிறார்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. தோல் மருத்துவர்கள் குறைவான கொழுப்பையே எடுக்கிறார்கள், ஆரோக்கியமானவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கூடவே வயிற்றுத் தோலை வெட்டித் தைப்பது போன்ற பெரிய அறுவைகளைச் செய்வதில்லை. தங்கள் சிகிச்சையைப் பற்றித் தாங்களே தரும் கணக்கு என்பதும் உண்மை. ஆனால் இந்த ஆட்சேபத்தைக் கூர்ந்து பார்த்தால் என் வாதத்துக்கே அது வலு சேர்க்கிறது. விழித்திருப்பவரிடம் குறைவாகத்தான் எடுக்க முடியும். மருந்தின் உச்ச அளவு ஒரு பக்கம் கட்டுப்படுத்துகிறது, அவருடைய பொறுமை மறுபக்கம் கட்டுப்படுத்துகிறது. அந்தக் கட்டுப்பாடே பாதுகாப்பின் பாதி. முழு மயக்கம் அந்த எல்லையை அகற்றிவிடுகிறது. இன்னும் ஒரு லிட்டர், இன்னும் ஒரு இடம் என்ற ஆசை உள்ளே நுழைகிறது, பல வேளைகளில் நோயாளியின் ஆசையாகவே.

நியூயார்க் நகரின் அனுபவத்தை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். 1993 முதல் 1998 வரை அந்நகரின் தடயவியல் மருத்துவ அலுவலகத்துக்கு வந்த ஐந்து மரணங்களைப் பற்றிய அறிக்கை 1999-இல் வெளியானது. ஐந்து பேருக்குமே டியூமசென்ட் முறையில்தான் சிகிச்சை நடந்திருந்தது. ‘பாருங்கள், உங்கள் பாதுகாப்பான முறையிலும் சாகிறார்கள்’ என்று சொல்லப்பட்டது. ஆனால் அந்த அறிக்கை சொல்வது அதைவிட ஆழமானது. லிக்னோகைனோடு மிடசோலாம் போன்ற தூக்க மருந்துகளும் கொடுக்கப்பட்டிருந்தன. மூவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் திடீரென்று சரிந்தன. ஒருவர் உடலில் திரவம் மிகுந்து இறந்தார். ஒருவர் ரத்தக் கட்டியால். லிக்னோகைன் அளவு மீறும்போது உடல் முன்கூட்டியே சொல்லிவிடும்: உதட்டைச் சுற்றி மரத்துக் கூசும், வாயில் உலோகச் சுவை தட்டும், காதுக்குள் இரையும். அதன்பிறகுதான் வலிப்பு, அதன்பிறகு இதயம். தூங்குகிறவர் இந்த முதல் அறிகுறிகளைச் சொல்ல முடியாது. அதோடு, மிடசோலாமைச் சிதைப்பதும் லிக்னோகைனைச் சிதைக்கும் அதே கல்லீரல் என்சைம்தான். புரோபோஃபால், ஃபென்டனில் போன்றவை மூச்சையே மந்தப்படுத்துபவை. மூச்சைக் கவனிப்பதற்கென்றே ஒரு நிபுணர் தலைமாட்டில் நிற்காமல், கொழுப்பை எடுக்கும் மருத்துவரே செவிலியரிடம் ‘இன்னும் கொஞ்சம் கொடுங்கள்’ என்று சொல்லி நடத்துகிற பாதி மயக்கம், முழு மயக்கத்தின் ஆபத்தை வைத்துக்கொண்டு அதன் பாதுகாப்பை மட்டும் கைவிடுகிறது.

முழு மயக்கம் இன்று மிகவும் பாதுகாப்பானது என்று மயக்கவியல் நிபுணர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாதுகாப்பு மருந்தில் இல்லை. ஆக்சிஜன் அளவையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் விநாடிதோறும் காட்டும் கருவிகளிலும், அவற்றைப் படிக்கத் தெரிந்தவரிடமும், அருகிலேயே இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இருக்கிறது. நிறைய எடுக்க வேண்டியவர்களுக்கும், மேசையில் விழித்துப் படுத்திருக்கவே முடியாத அளவு அச்சம் உள்ளவர்களுக்கும் அதுவே சரி. முதுகில் போடும் ஊசி நம் ஊரில் பிரசவ அறுவையால் எல்லோருக்கும் பழகியது; அதனால் சுலபமானதாகத் தோன்றுகிறது. ஆனால் அது கால் பக்க ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கும். அதைச் சரிக்கட்ட நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். ஏற்கெனவே தோலுக்கடியில் லிட்டர் கணக்கில் திரவம் இருக்கிறது. மருத்துவமனைக்கு வெளியே நடக்கும் லைபோசக்‌ஷனுக்கு அதைத் தவிர்க்கும்படி அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை நிபுணர்களின் சங்கமே அறிவுறுத்தியதற்கு இதுதான் காரணம்.

‘பயந்தவரை விழிக்க வைத்துச் செய்வது கொடுமை இல்லையா’ என்பது மனிதாபிமானக் கேள்வி. பயத்தை மதிக்க வேண்டும். அதற்கு ஒரு சிறு மாத்திரையும், பேச்சுக் கொடுக்கும் ஒரு செவிலியரும், நிதானமாகச் செலுத்தும் கையும் பெரும்பாலும் போதும். போதாதவருக்கு மருத்துவமனை இருக்கிறது. ‘இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் செய்தால் செலவு கூடுமே’ என்பது உண்மை. கூடத்தான் செய்யும். ஆனால் இது தள்ளிப்போட முடியாத சிகிச்சை அல்ல. உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சையும் அல்ல. அவசரப்பட எந்த மருத்துவக் காரணமும் இல்லாத இடத்தில் அவசரத்துக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்வதை எப்படி ஏற்பது?

2022 மே மாதம் பெங்களூருவின் தனியார் கிளினிக் ஒன்றில் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை உயிரிழந்தபோது, சில நாட்கள் எல்லோரும் பேசினோம். அழகின் மீதான மோகத்தைப் பற்றியே அதிகம் பேசினோம். அந்த இளம் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல இருந்தது அந்தப் பேச்சு. பேசியிருக்க வேண்டியது இதுபோன்ற கிளினிக்குகளின் அறைக்குள் என்ன இருக்க வேண்டும், யார் இருக்க வேண்டும் என்பதை. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைப் புரியும்படி சொல்லிப் பெறாத சம்மதம் சம்மதமே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கே, மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கேட்காமல் அவர் சம்மதித்ததைத் தாண்டி அறுவை செய்ததைப் பற்றியதுதான். மருத்துவர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை ஈர்ப்பதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் ‘வலியே இல்லை’ என்ற வாசகம் கிளினிக்குகளின் பெயரில் கைப்பேசித் திரையில் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் ஒழுங்குபடுத்த 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. புதுச் சட்டத்துக்குக் காத்திருக்காமல் அதன் கீழேயே அரசு உத்தரவிடலாம். லைபோசக்‌ஷன் செய்யும் இடங்களில் தமிழில் அச்சிட்ட சம்மதப் படிவம் இருக்க வேண்டும். என்ன வகை மயக்கம், நோயாளியின் எடைக்கு லிக்னோகைன் உச்ச அளவு எத்தனை மில்லிகிராம், திட்டமிட்டிருப்பது எத்தனை என்ற விவரங்கள் அதில் கையால் எழுதப்பட வேண்டும். தூக்க மருந்து எதுவானாலும் ஊசியில் கொடுப்பதென்றால் மயக்கவியல் நிபுணரின் பெயரும் கையெழுத்தும் வேண்டும். லிக்னோகைன் நஞ்சாகும்போது நரம்பில் ஏற்றவேண்டிய 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு அதே அறையில் இருக்க வேண்டும். அது சில ஆயிரம் ரூபாய்ப் பொருள்தான். மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்டுகிற அந்த முதல் இரவில் நோயாளியோடு ஒருவர் தங்கியிருப்பதை உறுதிசெய்து, நள்ளிரவிலும் எடுக்கப்படும் மருத்துவரின் தொலைபேசி எண்ணைப் படிவத்தின் கடைசி வரியில் எழுதித் தராமல், எந்தக் கிளினிக்கும் யாரையும் மாலையில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.