களி தின்றால் கௌரவம் குறையுமா?



"என்னடா, களி திங்கிற ஊரா?" தர்மபுரிப் பக்கத்திலிருந்து வரும் எங்களை ஹாஸ்டலில் வரவேற்கும் கேள்வி இது. சினிமாவிலும் களி என்றால் ஜெயில்தான்!

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். பையன் படித்து வேலைக்குப் போனால் மூணு வேளையும் வெள்ளைச் சோறு என்பது வீட்டில் கண்ட கனவு. பசி அறிந்தவர்களின் கனவு அது. நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் உசத்தியா?

கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசியில் 10 கூட இல்லை! கம்பில் இரும்புச்சத்து 6 மில்லிகிராமுக்கு மேல். அதே அரிசியில் 1 கூடத் தேறாது.

ஆன்டி ஆக்சிடன்ட் விஷயமும் அப்படித்தான். இரும்பைத் துருவிலிருந்து பெயின்ட் காப்பது மாதிரி, உடம்பின் செல்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவும் பொருள்கள் இவை. தானியத்தின் மேல்தோலில்தான் அதிகம். ரகத்துக்கு ரகம் மாறும். செங்கருப்புக் கேழ்வரகில் நிறைய, வெள்ளைக் கேழ்வரகில் கம்மி. கருப்புக் கவுனியின் கருமையே ஆந்தோசயனின்தான். மில்லில் பாலீஷ் போட்டால் எல்லாம் தவிட்டோடு போச்சு! கேழ்வரகின் தோல் பருப்போடு ஒட்டியிருப்பதால் முழுசாக அரைக்கிறோம், சத்து தப்பித்தது.

1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசி தின்றதும் தேறுவதையும் கண்டார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்காகக் களி சர்வரோக நிவாரணி என்று சொல்லவில்லை. அதே மேல்தோலில் உள்ள ஃபைட்டேட்டும் டானினும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். முளைகட்டினால், புளிக்க வைத்தால் அது குறையும். கூழைப் புளிக்கவைத்த நம்ம பாட்டிமார்கள் எந்த லேபில் படித்தார்கள்?

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. பெரிய கடைகளில் பளபளக்கும் பாக்கெட்டில் ஏறியதும் ராகிக்கு மரியாதை வந்துவிட்டது. விளைவித்தவன் தட்டில் இருந்தால் மட்டும் கேலியா?

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை: வாரம் இரண்டு நாள் மெஸ்ஸில் கேழ்வரகோ கம்போ போடச் சொல்லிக் கேட்போம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாமை, வரகை உமி நீக்கக் கிராமத்துப் பெண்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. குருணையாகாமல், தவிடும் போகாமல் உமியை மட்டும் நீக்கும் சின்ன மெஷின் ஒன்றைப் பிராஜெக்டாகச் செய்யலாமே!

கௌரவம் சோற்றின் நிறத்தில் இல்லை நண்பர்களே. சிந்திப்போம், செயல்படுவோம்!