முப்பது வயதுப் புதுமுகம்

விளையாட்டுச் செய்தியை மொழிபெயர்க்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு சொல்லில் கை நிற்கும். 'லோயர் லீக்'. கீழ்மட்ட லீக் என்று எழுதினால் கட்சி அமைப்பு மாதிரி இருக்கிறது. இரண்டாந்தர லீக் என்றால் ஆடுபவரையே கழித்துக்கட்டியது போல ஆகிவிடும். இத்தாலியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சீரி ஏ, சீரி பி, சீரி சி என்று எழுத்துகளை வைத்துவிட்டார்கள். 1978-ல் சீரி சி-யையும் சி1, சி2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2014-ல்தான் திரும்ப ஒன்றாக்கினார்கள். அதற்கும் கீழே சம்பளமில்லாத அமெச்சூர் கிளப்புகள், ஊருக்கு ஒன்றாக.

அந்த ஏணியின் அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு படியாக மிதித்து ஏறி, பிறகு அதே வழியில் இறங்கிய ஒருவர் உண்டு. பெயர் டாரியோ ஹூப்னர். இத்தாலியர்கள் வாயில் ஹகரம் நிற்காது, அவர்களுக்கு 'ஊப்னர்'. 1967 ஏப்ரல் 28 அன்று டிரியஸ்ட் நகரத்தை ஒட்டிய முஜ்ஜாவில் பிறந்தவர். முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்த பகுதி அது. ஜெர்மன் ஒலியுள்ள பெயர்கள் அங்கே அதிசயமில்லை.

பெரிய கிளப்புகள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பையன்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். இவரை யாரும் பொறுக்கவில்லை. இரும்பு வேலைக்குப் போனார். வேலை முடிந்து மாலையில் உள்ளூர் கிளப்பில் பந்தாட்டம். இருபது வயதில் பியேவிஜினா என்ற அமெச்சூர் கிளப். மறு வருஷம் சி2-வில் பெர்கோக்ரெமா. 1989-ல் அட்ரியாட்டிக் கரையிலுள்ள ஃபானோ. அங்கே மூன்று பருவங்கள் ஆடி 1991-92-ல் சி1 பிரிவில் அதிக கோல் அடித்தவரானார். அப்போது வயது 25. இதற்குள் ஒரு ஆட்டக்காரர் தேசிய அணியில் இடம்பிடித்திருக்க வேண்டும், அல்லது வேறு பிழைப்புக்கு யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து சீரி பி. செசேனாவில் ஐந்து பருவங்கள். 1995-96-ல் 22 கோல். அந்தப் பிரிவிலும் முதலிடம். ஏணியில் ஒரு படிதான் பாக்கி. ஆனால் மேலே இருந்தவர்கள் கை நீட்டவில்லை. 1997-ல் செசேனா சி1-க்கு இறங்கியது. ஹூப்னருக்கு முப்பது வயது.

இந்த இடத்தில் பொதுவாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: ஆள் சிகரெட் பிடிப்பார், கிராப்பா குடிப்பார் என்று. கிராப்பா என்பது திராட்சைச் சக்கையில் வடிக்கும் இத்தாலியச் சாராயம். இடைவேளையில்கூட அவர் புகைத்தது ஊரறிந்த சங்கதி, அவரே மறைத்ததில்லை. சிகரெட்டும் கிராப்பாவும் இல்லாவிட்டால் இத்தாலியின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆகியிருப்பார் என்று பிரெஷ்யா கிளப்பின் தலைவர் லூயிஜி கொரியோனி சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை உலவுகிறது. எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. சிகரெட் பிடித்துக்கொண்டேதான் அவர் கோல் அடித்தார். 20 வயதில் உடம்பைக் காட்டித் திருப்பியனுப்பினார்கள் என்றால் சரி. 35 வயதில் அதே உடம்பு எப்படி ஓடியது? பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத் தவறியதற்கு ஆளின் பழக்கத்தைக் காரணமாகச் சொல்வது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான்.

அவரை ஏ பிரிவுக்குக் கொண்டுபோனது அப்போதுதான் மேலே ஏறியிருந்த பிரெஷ்யா. 1997 ஆகஸ்ட் 31, மிலான் நகரின் சான் சிரோ மைதானம். எதிரே இன்டர். உலகத்திலேயே அதிக விலை கொடுத்து பார்சிலோனாவிலிருந்து வாங்கிய பிரேசிலின் ரொனால்டோவுக்கு இத்தாலிய லீகில் அதுதான் முதல் ஆட்டம், வயது இருபது. ஹூப்னருக்கும் ஏ பிரிவில் அதுவே முதல் ஆட்டம். கேமராக்கள் யாரைத் தேடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் கோலை அடித்தவர் ஹூப்னர். ஆனால் விதிக்கு வேறு கணக்கு இருந்தது. ஆல்வரோ ரெகோபா என்ற உருகுவே இளைஞர் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். தூரத்திலிருந்து இடது காலால் இரண்டு கோல். இன்டர் 2-1 என்று ஜெயித்தது. அன்றைய ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ரெகோபாவை எழுதுவார்கள், ரொனால்டோவை எழுதுவார்கள். முதல் கோல் அடித்தவருக்கு ஒரு வரி கிடைக்கும்.

அந்தப் பருவத்தில் அவர் 16 கோல் அடித்தும் பிரெஷ்யா கீழே இறங்கியது. அவரும் கூடவே இறங்கி, இரண்டு வருஷம் பி பிரிவில் ஆடி, 2000-ல் கிளப்போடு மறுபடி ஏறினார். இப்போது பக்கத்தில் ராபர்ட்டோ பாஜியோ. 1994 உலகக் கோப்பை இறுதியில் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டுத் தலைகுனிந்து நின்றவரை நம் டிவியிலும் பார்த்தோமே, அவரேதான். ஹூப்னர் 17 கோல் அடித்தார்.

2001-ல் பியாசென்சா. பெரிய கனவு எதுவும் இல்லாத கிளப். கீழே விழாமல் இருந்தாலே அங்கே திருவிழா. 2002 மே 5 அன்று பருவத்தின் கடைசி ஆட்டங்கள். இத்தாலி முழுக்க ரோமைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே லாட்சியோவிடம் 4-2 என்று தோற்று, கைக்கெட்டிய பட்டத்தை யுவென்டஸிடம் பறிகொடுத்தது இன்டர். ரொனால்டோ அழுதார். அதே நாளில் பியாசென்சா வெரோனாவைத் தோற்கடித்து ஏ பிரிவில் தங்கிவிட்டது. பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர்கள் இருவர், தலைக்கு 24. ஒருவர் சாம்பியன் யுவென்டஸின் பிரெஞ்சு ஆட்டக்காரர் டேவிட் டிரெசெகே, வயதும் 24. இன்னொருவர் ஒரு வாரத்துக்கு முன் 35 முடித்த ஹூப்னர். ஏ பிரிவில் இத்தனை வயதில் யாரும் முதலிடம் பிடித்ததில்லை. 2015-ல் வெரோனாவின் லூகா டோனி 38 வயதில் அதை முறியடித்தார்.

அதிக கோல் அடிப்பவருக்கு இத்தாலியில் பெயர் 'கப்போகன்னோனியேரே'. பிரித்தால் தலைமைப் பீரங்கிக்காரர். சி1, பி, ஏ என்ற மூன்று பிரிவுகளிலும் அந்தப் பெயரை வாங்கியவர்கள் இரண்டே பேர். ஹூப்னரும், அதே 1967-ல் பிறந்த இகோர் புரொட்டியும். வேடிக்கை என்னவென்றால் ஹூப்னர் பி பிரிவில் முதலிடம் பெற்ற 1995-96-ல்தான் புரொட்டி ஏ பிரிவில் 24 கோல் அடித்து சிக்னோரியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய பாரி கிளப் அந்த வருஷமே கீழே இறங்கியது. புரொட்டியும் ஒரு தடவைகூட தேசியச் சட்டை அணியவில்லை.

ஏனென்றால் ஹூப்னரும் அணியவில்லை. 2002-ல் உலகக் கோப்பை கொரியாவிலும் ஜப்பானிலும். பயிற்சியாளர் டிராபட்டோனி, வியேரி, டெல் பியேரோ, இன்சாகி, மொன்டெல்லா, டெல்வெக்கியோ என்று முன்வரிசையை நிரப்பிக்கொண்டார். பாஜியோவுக்கே இடமில்லை என்னும்போது ஹூப்னரை யார் கேட்பார்கள்? இத்தாலி நான்கு ஆட்டங்களில் ஐந்து கோல் அடித்தது. நான்கு வியேரி, ஒன்று டெல் பியேரோ. தென்கொரியாவிடம் தோற்று ஊர் திரும்பினார்கள். 35 வயதுக்காரர் போயிருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 1990 நினைவு மட்டும் வருகிறது. பி பிரிவில் மெஸ்ஸினாவுக்காக 23 கோல் அடித்து, ஒரே வருஷத்தில் யுவென்டஸுக்கும் அங்கிருந்து உலகக் கோப்பைக்கும் போன சிசிலிக்காரர் ஸ்கில்லாச்சி. தூர்தர்ஷனில் அந்த அகன்ற கண்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு கோல், தங்கக் காலணி. 2024-ல் காலமானார். அவருக்குச் சரியான வருஷத்தில் ஒரு கதவு திறந்தது.

ஹூப்னருக்கும் பாதி திறந்தது. 2002-ல் பருவம் முடிந்ததும் ஏசி மிலான் அவரைத் தன் அமெரிக்கப் பயணத்துக்கு அழைத்துப்போனது. போனார், ஆடினார், திரும்பினார். மிலான் வாங்கவில்லை. பியாசென்சாவிலேயே இன்னொரு வருஷம். 2003-ல் அதுவும் இறங்கியது. அங்கோனாவில் ஒரு கோலும் விழவில்லை. பெருஜாவில் மூன்று. ஏ பிரிவில் மொத்தம் 74 கோல், எல்லாமே முப்பது வயதுக்குப் பிறகு.

ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டடாங்கா'. அமெரிக்காவின் லக்கோட்டா பழங்குடி மொழியில் காட்டெருமை. 2018-ல் கால்குட்டா என்ற பெயரில் பாடும் இத்தாலியப் பாடகர் ஒருவர் 'ஹூப்னர்' என்றே தலைப்பிட்டு ஒரு பாட்டு வெளியிட்டார். நம் கல்கத்தாவுக்கு அதில் வேலையில்லை, பாடகரின் மேடைப்பெயர் அது.

2004-05-ல் சி1-ல் மாந்தோவா. அந்த கிளப் பி-க்கு ஏறியது, இவர் ஏறவில்லை. அமெச்சூர் மைதானங்களுக்குப் போனார். கியாரி, ரொதெங்கோ சையானோ, காஸ்டெல் மெல்லா, கவெனாகோ. லொம்பார்தி மாநிலத்துச் சிற்றூர்ப் பெயர்கள். எங்கள் அலுவலக அட்லஸில் தேடி ஒன்றைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கேயும் ஆறு வருஷம் கோல் அடித்துக்கொண்டிருந்தார். 2011-ல் நிறுத்தியபோது வயது 44.