நின்ற காலை நடக்க வைக்கும் தாளம்!

மனம் "நட" என்கிறது. கால் நகர மறுக்கிறது. பாதம் இரண்டும் தரையில் ஒட்டிக் கொண்டது போல் நின்று விடுகின்றன.

எலும்பு முறியவில்லை. கால் வீங்கவில்லை. ஆனாலும் வாசற்படி அருகே வந்ததும் நடை நின்று விடுகிறது!

இது பார்கின்சன் வியாதியின் வேலை. நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள்.

இதற்கு மாத்திரை உண்டு. மாத்திரையோடு இன்னொரு துணையும் உண்டு. அதற்குக் காசு வேண்டாம். கை தட்டினால் கிடைக்கும். அதுதான் தாளம்! இந்தத் துணையை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லித் தர வேண்டும்.

தூங்கும் மேளக்காரர்

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்கின்சன் 1817-ம் ஆண்டில் இந்த வியாதியைப் பற்றி விளக்கமாக எழுதினார். அவர் பெயரே வியாதிக்கு நிலைத்து விட்டது.

மூளையின் நடுவே சில உயிரணுக்கள் "டோபமின்" என்ற பொருளைச் சுரக்கின்றன. உடல் சீராக அசைய அது தேவை. அந்த அணுக்கள் அழிய அழிய, கை நடுங்குகிறது. உடம்பு விறைக்கிறது. எடுத்து வைக்கும் அடி சிறுத்து விடுகிறது.

நல்ல உடம்புக்காரர் நடக்கும்போது அடியை எண்ணுவது இல்லை. மூளைக்குள் ஒரு மேளக்காரர் உட்கார்ந்து "இடது, வலது" என்று அடித்துக் கொடுப்பதாக வைத்துக் கொள்ளலாம். பார்கின்சன் வந்தவருக்கு, அந்த மேளக்காரர் அடிக்கடி தூங்கி விடுகிறார்.

அப்போது வெளியே இருந்து ஒரு தாளம் கேட்டால்? காதுக்கும், காலை அசைக்கும் மூளைப் பகுதிக்கும் தொடர்பு உண்டு. தாளம் அந்த வழியே போய்க் காலை எழுப்புகிறது.

மூன்றே வாரம்

இது வெறும் நம்பிக்கை அல்ல. அமெரிக்காவில் மைக்கேல் தௌட் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 1996-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

15 நோயாளிகள் தினமும் அரை மணி நேரம், தாளம் அழுத்தமாக விழும் இசைக்கு ஏற்ப நடந்தார்கள். மூன்று வாரத்தில் நடையின் வேகம் 25 சதவீதம் கூடியது. அடியின் நீளம் 12 சதவீதம் கூடியது. தாளம் இல்லாமல் நடந்து பழகியவர்களுக்கு இந்த அளவு பலன் இல்லை.

2001-ம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மார்க் மோரிஸ் நடனக் குழுவினர் பார்கின்சன் நோயாளிகளுக்கு நடன வகுப்பு தொடங்கினார்கள். நம் நாட்டில் புனே நகரிலும் நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் இப்படி வகுப்பு நடத்தினார்.

ராகமா? தாளமா?

ராகம் மனதுக்கு இதம். ஆனால் காலை நகர்த்துவது தாளம். நீட்டி இழுக்கும் ஆலாபனை இதற்கு உதவாது. ஒரே சீராக விழும் அடி வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு இது புதிதா? கும்மிக்குக் கை தட்டினால் கால் தானாக வரும். ஏற்றம் இறைக்கப் பாட்டு, நாற்று நடப் பாட்டு என்று வைத்திருந்தவர்கள் நம் முன்னோர்கள். உழைக்கும் உடம்புக்குத் தாளம் துணை என்பது அவர்களுக்குத் தெரியும்.

வீட்டிலேயே செய்யலாம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ளது புதுச்சத்திரம். அங்கே ஒரு வீட்டில் பெரியவருக்கு இந்த வியாதி வந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். நின்ற காலுக்குப் பஸ் படி ஒரு மலை! "வெளியே போக வேண்டாம், விழுந்து விடுவார்" என்று அவரைக் கட்டிலில் இருத்தி விடுவார்கள். இது தவறு. நடக்காத உடம்பு மேலும் விறைக்கும்.

டாக்டரைக் கேட்டுக் கொண்டு, வீட்டிலேயே பழக்கலாம். பெரியவர் ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ண வேண்டும். 80 அடி என்றால், நிமிடத்துக்கு 80 தட்டு. பழகிய பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். செல்போனில் "மெட்ரோனோம்" என்ற தாளக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. பேரன் கை தட்டினாலும் போதும்.

கால் நின்று விட்டால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாலு தட்டுக் கேட்கட்டும். ஐந்தாவது தட்டில் அடி எடுத்து வைக்கட்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். லாரி ஓடும் சாலையில் இந்தப் பயிற்சி கூடாது. வீட்டு வாசல் போதும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

தாளம் வியாதியைத் தீர்க்காது. அழிந்த அணுவை மீட்காது. எல்லோருக்கும் ஒரே அளவு பலனும் தராது. ஆகவே மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். தாளம் அதற்குத் துணை, மாற்று அல்ல.

சர்க்கார் செய்ய வேண்டியது

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. வீடு தேடி வந்து உடற்பயிற்சி சிகிச்சை தருவதும் அதில் ஒன்று. அப்படி வரும் ஊழியர்கள், தாளத்தோடு நடக்கும் முறையையும் குடும்பத்தாருக்குக் கற்றுத் தர வேண்டும். இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். பெரிய எந்திரம் வேண்டாம். ஒரு மணி நேரப் பயிற்சி போதும், ஒரு குடும்பம் கற்றுக் கொள்ளும்.

வீட்டில் உள்ளவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. "வேண்டும் என்றே நிற்கிறார், பிடிவாதம்" என்று பெரியவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவருடைய கால் ஒரு தாளத்துக்குக் காத்திருக்கிறது.

திட்டுகிற நேரத்தில் பத்துத் தடவை கை தட்டி விடலாமே!