குமிழைத் திருகும் முன்னே...

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது விருந்தாளி வந்தது. தையல் மெஷின் தலையைவிடச் சின்னதாக ஒரு வெல்டிங் மெஷின்! பாலிடெக்னிக் படிக்கிற என் மகன், சேர்த்து வைத்த காசில் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கி வந்துவிட்டான். "கேட் கீல் ஒடிஞ்சு ஆறு மாசமாச்சுங்மா, நானே வெச்சுக் காட்டறேன்" என்று பெருமை வேறு. 1888-ல் முதல் நூற்பாலை வந்த நாளிலிருந்து கோயமுத்தூர்க்காரர்களுக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. காந்திபுரத்துப் பிள்ளையைக் கேட்கவா வேண்டும்!

பெட்டியில் 200 ஆம்பியர் என்று போட்டிருந்ததா? குமிழைக் கடைசி வரை திருகிவிட்டான். ராடை வைத்ததும் 'டப்'பென்று எம்.சி.பி. விழுந்து வீடே இருட்டு. அடுப்பில் இருந்த குழம்பை நான் டார்ச் வெளிச்சத்தில் இறக்கினேன்.

அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. நிஜமாகவே 200 ஆம்பியர் எரிய வேண்டுமானால் 5 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் கிடைப்பதோ மூன்றரை கிலோவாட் சொச்சம். படியில் கொள்ளுகிறதுதானே கொள்ளும்? 'அடிக்கடி விழுகிறதே' என்று எம்.சி.பி.யைப் பெரிதாக மாற்றிவிடாதீர்கள். அது விழுவதால்தான் சுவருக்குள் ஒயர் கருகாமல் இருக்கிறது.

மறுநாள் பயந்துகொண்டு 40-ல் வைத்தான். ராடு இரும்பில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முப்பது வருஷம் பட்டறை நடத்திய எதிர்வீட்டுப் பெரியவர்தான் பார்த்துப் பொறுக்காமல் வந்தார். "தம்பி, மொதல்ல ராடைப் பாரு, அப்புறம் குமிழைத் திருகு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடையில் 12 கேஜ் என்றால் இரண்டரை மில்லிமீட்டர் ராடு. அதற்கு 60-லிருந்து 90 வரை. 10 கேஜ் என்றால் 3.15 மில்லிமீட்டர்; 90-லிருந்து 130. கேஜ் எண் கூடினால் ராடு மெலிசு என்பது ஞாபகம் இருக்கட்டும். நானே இரண்டு முறை மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கினேன்! வீட்டு வேலைக்கு 12 கேஜே போதும். 75-ல் ஆரம்பித்து, ஐந்து ஐந்தாகக் கூட்டிக் குறைத்துப் பழைய துண்டு இரும்பில் பார்க்க வேண்டும். குறைச்சலானால் மெழுகு உருகி உட்கார்ந்த மாதிரி மேலேயே மேடு கட்டும், உள்ளே பிடிக்காது. அதிகமானால் பொறி பறக்கும், தகடு ஓட்டையாகும், ராடே சிவந்துவிடும். சரியாக இருந்தால் வடை பொரிகிற மாதிரி சீராகச் சத்தம் வரும். இதைக் கேட்டதும் எனக்கே பாதி வித்தை தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். குமிழ் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால், எர்த் கிளாம்ப் மாட்டிய இடத்தில் பெயிண்ட், துரு இருக்கிறதா பாருங்கள், சுரண்டி மாட்டுங்கள். நமத்துப்போன ராடும் ஒட்டும். மெஷினில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் வேலை, நாலு நிமிஷம் ஓய்வு. ஈரத்தரையில் வெறுங்காலோடு தொடவே கூடாது.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிள்ளை, "ரெண்டு பொட்டுத்தானே" என்று முகமூடி இல்லாமல் வைத்திருக்கிறான்! அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, "கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டாப்பல இருக்குதும்மா" என்று அலறினான். விடிந்ததும் என் மாமியார் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மருமகளுக்கு மூன்று மாதக் குழந்தை. வெல்டிங் அடித்த கண்ணுக்குத் தாய்ப்பால் விடுவது நம் பக்கத்துப் பழக்கமாயிற்றே. அந்தப் பெண் தரவும் மனசில்லாமல், மறுக்கவும் முடியாமல் வாசலில் நின்றதைப் பார்த்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. "வேண்டாம் கண்ணு, நீ உள்ளே போ" என்று அத்தையைக் கையோடு கூட்டி வந்தேன்.

கண் டாக்டர் சொன்னார்: வெயிலில் தோல் வெந்த மாதிரி கருவிழியின் மேல்பகுதி வெந்திருக்கிறது, சொட்டு மருந்தோடு ஓரிரு நாளில் ஆறும், வெந்த இடத்தில் பால் விட்டால் கிருமிதான் சேரும். மரத்துப்போகிற மருந்தைக் கடையில் நாமாக வாங்கி விடுவதும் ஆபத்தாம். இளம் தாய்மார்களே, கிண்ணத்தோடு யார் வந்தாலும், "டாக்டரிடம் போங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் 10-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட முகமூடி வந்துவிட்டது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஸ்விட்ச். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும் கண்ணைக் கெடுக்கும். ஜி.ஐ. பைப்பைப் பற்றவைத்தால் துத்தநாகப் புகை வந்து, சாயங்காலம் காய்ச்சல் மாதிரி குளிர் நடுக்கம் எடுக்கும்; பால் குடித்தால் போகும் என்பது சும்மா. 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் கழகம் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அதனால் திறந்தவெளி வாசலில்தான் வேலை.

குமிழில் 75-க்கு நேரே நான் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருக்கிறேன். கேட் கொஞ்சம் கோணல்தான், ஆனால் மூடுகிறது. நேற்றுப் பக்கத்து வீட்டுக்காரர் கொடிக்கம்பி மாட்டுகிற கம்பம் வைக்க மெஷினைக் கேட்டு வந்தார். முகமூடியையும் சேர்த்தே கொடுத்தனுப்பினேன்.