பட்டம் கையில்! வேலை எங்கே?

மகன் பட்டம் வாங்கி விட்டான். வேலைக்குப் போனால், "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். வேலை கிடைத்தால் அல்லவா அனுபவம் வரும்?

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் தொழில் பழகுநர் பயிற்சி.

சட்டம் சொல்வது என்ன?

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 1973-ல் பொறியியல் பட்டதாரிகளும், டிப்ளமோ படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். 2014-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. கலை, அறிவியல், வணிகவியல் படித்தவர்களுக்கும் கதவு திறந்தது.

பயிற்சிக் காலம் பொதுவாக ஓர் ஆண்டு. நிறுவனம் மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கற்ற தொழிலும், சான்றிதழும் கையில் இருக்கும். அடுத்த இடத்தில் "அனுபவம் உண்டு" என்று தைரியமாகச் சொல்லலாம்.

தென் மாநிலப் பட்டதாரிகளுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

படிக்கும்போதே...

கடைசி ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது. விடுமுறையில் சிறு பயிற்சிக்குப் போகலாம். அதே கல்லூரியில் படித்து வேலையில் இருப்பவர்களை விசாரிக்கலாம். விண்ணப்பத்தில் செய்த வேலையைச் சுருக்கமாக எழுத வேண்டும்.

பணம் கேட்டால்?

"முன்பணம் கட்டு, பயிற்சியும் வேலையும் தருகிறோம்" என்பார்கள் சிலர். அதை நம்பித் தாயின் நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் உண்டு.

சட்டப்படி, பழகுநர் பணம் வாங்க வேண்டியவர். கொடுக்க வேண்டியவர் அல்ல. இந்த ஒன்றைப் பெற்றோர் மறக்காமல் இருந்தால், நகையும் தப்பும், பிள்ளையும் தப்புவான்!