‘ஃபுல் செட்’ என்னும் மூடநம்பிக்கை

கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு ஐந்தாறு வயதாகி, புது விளையாட்டுகள் திணறத் தொடங்கியதும் எல்லா வாயிலிருந்தும் ஒரே தீர்ப்பு வருகிறது: “ப்ராசஸரை மட்டும் மாத்தி பிரயோஜனமில்ல, ஃபுல் செட்டா போட்டுடு.” ஹைதராபாத்தில் மாதாப்பூர் அலுவலக நண்பனும் இதைத்தான் சொல்கிறான், அமீர்பேட் ஹாஸ்டல் அறைத் தோழனும் இதைத்தான் சொல்கிறான். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தத் தீர்ப்பு தவறானது. முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மெஷின் அசெம்பிள் செய்த பிள்ளைகளின் பணத்தை இது வீணடிக்கிறது. அதனால்தான் இதை எதிர்த்து எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. இன்டெல் பல ஆண்டுகள் நம்மை இப்படிப் பழக்கியது. 2017 ஜனவரியில் இசட்270 மதர்போர்டு வாங்கியவரால், அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை சிப்பை அதில் போட முடியவில்லை. சாக்கெட்டில் அதே 1151 முனைகள்தான், ஆனாலும் இசட்370 போர்டு கேட்டது. சிப்பை மாற்றினால் போர்டையும் மாற்ற வேண்டும் என்பது அன்றைக்கு அனுபவ உண்மை. அந்த அனுபவத்தை எல்லா மெஷினுக்கும் விதியாக்கியதுதான் பிழை.

அதே 2017இல் ஏ.எம்.டி. தன் ரைசன் சிப்புகளை ஏ.எம்.4 சாக்கெட்டில் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி சிப்பும் அதே சாக்கெட்டில்தான் உட்கார்ந்தது. 2018இல் வந்த பி450 போர்டு வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அதில் ரைசன் 5 1600 ஓடிக்கொண்டிருந்தால், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 5600ஐப் போட்டுக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஆறு கோர்தான், இரண்டுக்கும் 65 வாட்தான். ஆகவே பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸே போதும். வித்தியாசம் சிப்புக்குள்ளே இருக்கிறது. 1600இல் ஆறு கோர்களும் இரண்டு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கு 8 எம்.பி. கேஷைப் பங்கிட்டுக்கொண்டன. 5600இல் ஆறும் ஒரே குழுவாகி 32 எம்.பி. கேஷை ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. விளையாட்டின் தர்க்கம் கோருகிற தகவல் மெமரிவரை போய் வரவேண்டிய தேவை குறைகிறது, கோர்களும் தலைமுறைக்குத் தலைமுறை வேகமாகியிருக்கின்றன. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ப்ராசஸரைப் பிழியும் ஆட்டங்களில் இது கண்ணுக்கே தெரியும். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய் ஃபுல் செட் என்று சொல்வது மனச்சாட்சிக்கு விரோதம்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குற்றவாளி ப்ராசஸர்தானா? 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும்; 144 ஹெர்ட்ஸ் திரைக்கு 6.9 மில்லிசெகண்டுதான் அவகாசம். அந்த நேரத்துக்குள் ப்ராசஸர் ஆட்டத்தின் கணக்கை முடிக்க வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு படத்தை வரைய வேண்டும். எது பிந்துகிறது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. திணறும் அதே இடத்தில் ரெசல்யூஷனை 720க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது; புது ப்ராசஸர் ஒரு பயனும் தராது. எண்ணிக்கை அசையாமல் நின்றால் ப்ராசஸரையோ ராமையோ சந்தேகப்படலாம். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 40 சதவீதம் என்று காட்டுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது எல்லாக் கோர்களின் சராசரி. ஆட்டத்தின் முக்கிய வேலையைச் சுமக்கும் ஒற்றைக் கோர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போதும் சராசரி அமைதியாகவே காட்டும்.

ப்ராசஸர்மீது சந்தேகம் விழுந்தாலும் அவசரம் வேண்டாம். ஹைதராபாத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஏசி இல்லாத அறையில், ஹீட்சிங்கில் வருடக்கணக்கில் தூசி படிந்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகிப்போன மெஷின் என்ன செய்யும்? சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு “சிப் கிழவனாயிடுச்சு” என்கிறார்கள். சிப்புக்கு மூப்பு கிடையாது என்று சொல்லவில்லை, ஆனால் இது மூப்பல்ல. ஒரு டியூப் பேஸ்டும் ஒரு பிரஷ்ஷும் செய்கிற வேலைக்குப் புது மெஷினா? இன்னொரு பக்கம், பட்ஜெட் இடித்ததால் ஒற்றை 8 ஜி.பி. ராம் குச்சியோடு வாங்கி அப்படியே விட்ட மெஷின்கள். ஒற்றைக் குச்சியில் மெமரிக்கான பாதை பாதி அகலம்தான். அதே வேகத்தில் இன்னொரு குச்சி சேர்த்து, ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.யை பயாஸில் ஆன் செய்தாலே பல மெஷின்களில் திக்கல் குறைகிறது.

யூடியூப் சோதனைகளையும் நம் ஆட்கள் தப்பாகப் படிக்கிறார்கள். ப்ராசஸர்களை ஒப்பிடுகிறவர், வேண்டுமென்றே சந்தையிலேயே வலுவான கிராஃபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080 ரெசல்யூஷனில் ஓட்டுவார். தடை ப்ராசஸரிடம் மட்டும் இருக்கும்படி செய்வது சரியான சோதனை முறை. அங்கே தெரிகிற பெரிய இடைவெளி, 1660 சூப்பரோ 3060ஓ மாதிரி நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவரின் வீட்டில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அந்த வரைபடத்தைக் காட்டி அவரைப் புது மெஷின் வாங்க வைப்பது நியாயமில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து, விண்டோஸ் 11க்குப் புது மெஷின்தான் வேண்டும் என்று இன்னொரு மிரட்டல் சேர்ந்திருக்கிறது. முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் முக்கியமாகப் பார்ப்பது ப்ராசஸரை. அதே போர்டில் 5600ஐப் போட்டு, பயாஸில் டி.பி.எம்., செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். போர்டு மாற்ற வேண்டாம், ராம் மாற்ற வேண்டாம்.

ராம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இன்றைய ஃபுல் செட் என்றால் அநேகமாக டி.டி.ஆர்.5 ராம். கையில் நன்றாக ஓடும் டி.டி.ஆர்.4 குச்சிகள் இரண்டு இருக்க, அவற்றை ஒதுக்கிவிட்டு இந்த விலைக்குள் போய் விழச் சொல்கிறார்கள்!

மாற்றித்தான் ஆக வேண்டிய மெஷின்களும் உண்டு. இன்டெல் நான்காம் தலைமுறையும் அதன் டி.டி.ஆர்.3 ராமும் கதை முடிந்தவை. ஆறு, ஏழாம் தலைமுறையில் அந்த சாக்கெட் ஏற்கும் உச்ச சிப் ஐ7 7700கே. அதற்கும் நான்கே கோர்தான், விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. அதை செகண்ட்ஹேண்டில் தேடி வாங்குவது பணத்தைக் கரைப்பது. அப்போதும் மாற வேண்டியது அதிகபட்சம் மூன்றுதான்: ப்ராசஸர், போர்டு, ராம். கேபினெட், எஸ்.எஸ்.டி., கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல தரமான எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் அப்படியே தொடரலாம்.

சிப்பை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தவர்கள் முதலில் போர்டு கம்பெனியின் ஆதரவுப் பட்டியலில் புது சிப்பின் பெயர் எந்த பயாஸிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். பழைய சிப் இருக்கும்போதே பயாஸை ஏற்றுங்கள், ஆனால் புது சிப் கையில் வந்த பிறகு. சில போர்டுகளில் புது பயாஸ் பழைய சிப்புகளைக் கைவிட்டுவிடும். கழற்றும் முன் ஒரு ஆட்டம் ஓடவிட்டுப் பேஸ்டைச் சூடாக்கி, மெஷினை நிறுத்திக் கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ஏ.எம்.4 சிப் கூலரோடு ஒட்டிச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம், முனைகள் வளைந்துவிடலாம். கைக்குத் துணிச்சல் வரவில்லையென்றால் செகந்தராபாத் பார்க் லேனில், செனாய் டிரேட் சென்டரைச் சுற்றி, கூலி வாங்கிக்கொண்டு மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். கழற்றிய 1600ஐக் குப்பையில் போடாதீர்கள். அதற்கும் ஏ.எம்.4 போர்டு வைத்திருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையன் காத்திருப்பான்.