உப்புத்தாளைக் கீழே வையுங்கள்!

போன வாரம் ஒரு விற்பனை விளம்பரத்தில் பழைய ஜெர்மன் துப்பாக்கி ஒன்றின் போட்டோ பார்த்தேன். மௌசர் மாடல் 71. கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, இரும்பை பாலிஷ் போட்டு, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. "புதுசு போல" என்று பெருமையாக வேறு போட்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. குழலைச் சுற்றியிருக்கும் பட்டையில் 'ஆர்' எழுத்தில் பாதியும் ஒரு 4-ம் மட்டும்தான் மிச்சம்.

(பயப்படாதீர்கள், நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எல்லாம் கலெக்டர்கள் எடுத்த போட்டோக்களைப் பார்த்து வந்த பைத்தியம் :-))

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்து ஜெர்மன் ராணுவம் ஒவ்வொரு துப்பாக்கியிலும் அது யாருடையது என்று முத்திரை குத்தி வைத்தது. அதை எங்கே, எப்படிக் குத்த வேண்டும் என்பதற்கு 1877-லும் 1909-லும் விதிமுறைகளே போட்டார்கள். உதாரணத்துக்கு 'பி.2.ஆர்.5.67' என்று இருந்தால் பவேரியா, 2-ஆவது ரெஜிமெண்ட், 5-ஆவது கம்பெனி, 67-ஆம் நம்பர் துப்பாக்கி. பி.காம் படிக்கிறவனுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குமே? ஆடிட்டிங்கில் வரும் அசெட் ரெஜிஸ்டர்தான்! ஆபீஸ் நாற்காலிக்கு நம்பர் போடுகிற அதே வேலை. பழைய மாடல்களில் பட்டையில் இருக்கும். பின்னால் வந்த மாடல் 98-ல் தோளில் வைக்கும் கட்டையில் பதித்த சின்ன வட்டத் தகட்டில் இருக்கும்.

துப்பாக்கி வேறு படைப்பிரிவுக்குப் போனால் பழைய முத்திரையின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, புதியதைப் பக்கத்தில் குத்துவார்கள். கணக்கில் தப்பான எண்ட்ரியை அழிக்கக் கூடாது, அடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் வாத்தியார் கத்துவாரே, அதேதான்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரத்தின் மேல் குண்டு வீசியபோது, அங்கே வைத்திருந்த பிரஷ்ய ராணுவ ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோய்விட்டது. பவேரியாவின் ஆவணங்கள் ம்யூனிக்கில் தனியாக இருந்ததால் பிழைத்தன. ஆக, பிரஷ்யத் துப்பாக்கி ஒன்று எந்தக் கம்பெனியில் இருந்தது என்று காட்ட அந்த இரும்பைத் தவிர வேறு காகிதமே இல்லாமல் போகலாம். லெட்ஜர் எரிந்த பிறகு கையில் இருப்பது ஒரே ஒரு வவுச்சர். அதைப் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள்!

தேய்க்கிறவர்களாவது தெரியாமல் செய்கிறார்கள். தெரிந்தே கெடுப்பது மார்க்கெட். எல்லா உதிரி பாகங்களிலும் ஒரே நம்பர் இருந்தால் 'மேட்ச்சிங்' என்று விலை எகிறும், ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தாலும் இறங்கும். உடனே பாகங்களை மாற்றுகிறவர்கள், புதிதாக நம்பர் குத்துகிறவர்கள் எல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த மேட்ச்சிங் மோகம் புரியவே இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி ஏராளமான மாடல் 88 துப்பாக்கிகளை ஆட்டோமான் ராணுவத்துக்குக் கொடுத்தது. அவற்றில் பலவற்றை 1930-களில் துருக்கிக்காரர்கள் அங்காராவில் மாற்றியமைத்தார்கள். ஜெர்மன் முத்திரை ஒரு பக்கம், துருக்கிப் பிறை ஒரு பக்கம் என்று கலந்து கிடக்கும். விலை குறைவு. ஆனால் ஐம்பது வருடக் கதை அந்த ஒரு துப்பாக்கியிலேயே இருக்கிறதே! பெட்டியிலேயே கிடந்து பளபளக்கும் துப்பாக்கிக்கு என்ன கதை இருக்கப் போகிறது?

"கொலைக் கருவிக்கு இவ்வளவு உருகணுமாடா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். சுடுவதைப் பற்றிப் பெருமையடிக்கும் கலெக்டர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த 67-ஆம் நம்பரை யாரோ ஒரு இருபது வயதுப் பையன் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறான், என் வயசுதான். அவன் பெயர் கிடைக்காது. கம்பெனி வரைக்குமாவது போக முடிகிறது.

அதனால் யார் வீட்டிலாவது இப்படி ஒன்று இருந்தால், எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள், அது போதும். துடைப்பதற்கு முன்னால் முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மங்கலான எழுத்துகூடத் தெரியும். அந்த விளம்பரக்காரருக்கும் இதையே எழுதிப் போட்டேன். துப்பாக்கி அன்றைக்கே விற்றுவிட்டதாம், கேட்ட விலைக்கே.